மோவாய் முடியும் மேடைப் பேச்சும்

தென் மாவட்டமொன்றின் மகளிர் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகப் பணியாற்றும் 29 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

கல்லூரியின் மகளிர் மன்றத்துக்கு அவர்தான் பொறுப்பாளர். சிவப்பழகு விளம்பரங்களைக் கண்டித்து இரண்டு ஆண்டுகளுக்கு முன் மகளிர் தினக் கூட்டத்தில் அவர் பேசிய பேச்சை மாணவிகள் இன்றும் சொல்லிக் காட்டுகிறார்களாம். அதே பேராசிரியர் நான்கு நாளைக்கு ஒருமுறை, வீட்டில் யாரும் எழும் முன்னே குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, கைப்பேசி வெளிச்சத்தில் மோவாயில் முளைத்திருக்கும் கருமுடிகளைப் பிளக்கரால் ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறார். கல்லூரிப் படிப்புக் காலத்திலேயே அவருக்குச் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு இருப்பதாகச் சொல்லப்பட்டது. மாதவிலக்கு இன்னும் ஒழுங்குக்கு வரவில்லை. பொறுக்க முடியாமல் லேசர் சிகிச்சை பற்றி விசாரிக்க ஒரு தோல் மருத்துவமனைக்குப் போனபோது, அங்கே காத்திருந்த அவருடைய மாணவி ஒருத்தி நிமிர்ந்து பார்த்து, "மேம், நீங்களுமா?" என்று கேட்டிருக்கிறாள். அதன் பிறகு வகுப்பில் அந்தப் பெண் உட்காரும் வரிசைப் பக்கம் தம்மால் திரும்பவே முடியவில்லை என்று எழுதுகிறார்.

தை மாதம் திருமணம். இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. பூ வைக்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் அத்தை, "பொண்ணு லட்சணந்தான், நிறந்தான் கொஞ்சம் மட்டு" என்று சொல்லிவிட்டுப் போனதிலிருந்து, வாசகியின் தாயார் பத்து வாரம் போட்டுக்கொள்ள வேண்டிய "நிற ஊசி" ஒன்றுக்கு அழகு நிலையத்தில் முன்பணமே கட்டிவிட்டார். வாசகியின் கேள்விகள் மூன்று. லேசர் செய்துகொள்வது தாம் பேசிய பெண்ணியத்துக்குத் துரோகமா, அல்லது "என் உடல், என் தேர்வு" என்று சொல்லி அதையே பெண்ணியம் என்று கொள்ளலாமா? வீட்டின் நிம்மதிக்காக அந்த ஊசியைப் போட்டுக்கொண்டால் என்ன? மாப்பிள்ளையிடம் இவற்றில் எதைச் சொல்ல வேண்டும்?

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை உங்கள் கேள்விகளைப் படித்தேன். இரண்டாம் முறை, நீங்கள் கேள்வியாகவே எண்ணாமல் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் நின்றுவிட்டேன். "இரண்டு வருஷமா மெடிக்கல்ல வாங்கிப் போடுற சாதாரண கிரீம்தான், கலருக்காக இல்ல, பருத் தழும்புக்காக" என்று எழுதி அதன் பெயரையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். பெண்ணியத்தைப் பற்றிப் பேசப் பொழுது இருக்கிறது. தோல் மருத்துவராக நான் அங்கிருந்துதான் தொடங்கியாக வேண்டும்.

அந்தக் களிம்பை முதலில் பார்ப்போம்

நீங்கள் பெயர் சொன்ன களிம்பு சாதாரணமானது அன்று. அதில் நிறத்தை வெளுக்கும் ஹைட்ரோகுவினோன், மேல்தோலைப் புதுப்பிக்கும் டிரெட்டினாயின் என்ற இரண்டு மருந்துகளோடு, மூன்றாவதாக அழற்சியை அடக்கும் ஒரு ஸ்டீராய்டும் கலந்திருக்கிறது. மங்கு என்று நாம் சொல்லும் கரும்படைக்கு, மருத்துவர் கண்காணிப்பில், சில வாரங்களுக்கு மட்டும் பூச வேண்டிய மருந்து இது. பூசிய சில நாளில் முகம் பளிச்சென்று தெரியும் என்பதால் ஒருவர் சொல்லி ஒருவராகப் பரவி, பருவுக்கும் தழும்புக்கும் நிறத்துக்கும் ஆண்டுக்கணக்கில் பூசப்படுகிறது. இவ்வகை ஸ்டீராய்டுக் களிம்புகள் 14 வகைகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018இல் விதியைத் திருத்தியது. ஆனாலும் பெயர் சொல்லிக் கேட்டால் எடுத்துக் கொடுக்கும் கடைகள் இன்றும் இருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும்.

ஸ்டீராய்டை முகத்தில் நெடுநாள் பூசினால் தோல் மெலியும். கன்னத்தில் நுண்ணிய இரத்த நாளங்கள் செந்நூல் போலத் தெரியத் தொடங்கும். வெயிலில் போனால் எரியும். பரு போனதுபோல் போய்த் திரும்ப வரும். நிறுத்திய சில நாளில் முகம் சிவந்து வீங்குவதால், களிம்பு இல்லாமல் இருக்க முடியாது என்ற நிலை வந்து சேரும். இவற்றோடு இன்னொன்றும் நடக்கும். பூசிய இடத்தில் முடி வளரும். பூனை முடியாக இருந்தது கருத்துத் தெரியும். உங்கள் மோவாயின் முடிக்குச் சினைப்பைக் கோளாறே முழுக் காரணம் என்று நீங்கள் நம்புகிறீர்கள். அது பெரும்பங்காக இருக்கலாம். ஆனால் கன்னத்தின் ஓரங்களிலும் "இப்ப ஒரு வருஷமா" மென்முடி கூடியிருப்பதாக நீங்களே எழுதியிருப்பது எனக்கு வேறு சந்தேகத்தைத் தருகிறது. தழும்பை மறைக்கப் பூசியதே முடியை வளர்த்து, அந்த முடிக்காக உங்களை லேசர் மையத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கக்கூடும்.

இதைப் படித்ததும் அந்த ட்யூபைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். இரண்டு ஆண்டு பூசியதை ஒரே நாளில் நிறுத்தினால் முகம் கொந்தளிக்கும். அந்தச் சிவந்த முகத்தைப் பார்த்துப் பயந்து மறுபடி பூசியவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். வீரியத்தைப் படிப்படியாகக் குறைத்து, வெயில் காப்புக் களிம்போடு, சில வாரங்களோ சில மாதங்களோ எடுத்து விடுவிக்க வேண்டும். முகத்தோல் அமைதியாகும் வரை லேசரை எந்த நல்ல மருத்துவரும் தொட மாட்டார். யாராவது உடனே தொடங்கலாம் என்றால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

லேசர் என்ன செய்யும், என்ன செய்யாது

முதலில் இரத்தப் பரிசோதனை. ஆண்தன்மை ஹார்மோன்கள், தைராய்டு, பால்சுரப்பு ஹார்மோனான புரோலாக்டின், சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, தேவையென்றால் மகப்பேறு மருத்துவரோடு கலந்து மாத்திரை தொடங்குவது உண்டு. மாத்திரையின் பலன் முடியில் தெரிய ஆறு மாதமாவது ஆகும். இவற்றில் சில மருந்துகளை எடுக்கும் காலத்தில் கருத்தரிக்கக் கூடாது. தை மாதத் திருமணத்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியது இதற்காகத்தான். ஒருவேளை, முடி சில மாதங்களில் மளமளவென்று கூடி, குரலும் கனத்துவிட்டது என்றால் காத்திருக்கவே கூடாது. அது வேறு நோய்களின் அறிகுறியாக இருக்கலாம். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

லேசர் "நிரந்தரமாக நீக்கும்" என்று பலகையில் எழுதியிருப்பதை அப்படியே நம்பியிருக்கிறீர்கள். அது முடியை நீண்ட காலத்துக்குக் குறைக்கும். ஹார்மோன் கோளாறு உள்ளவர்களுக்குப் புதிய முடி வந்துகொண்டே இருக்கும் என்பதால், ஆறு முதல் எட்டு அமர்வு முடிந்த பிறகும் அவ்வப்போது பராமரிப்பு அமர்வு தேவைப்படும். லேசர் கருமையைத் தேடிப் போய்ச் சுடுகிற ஒளி. முடி கறுப்பு, தோலும் கறுப்பு என்றால் அது எதைச் சுட வேண்டும் என்பதை எந்திரத்தின் அலைநீளமும் இயக்குபவரின் கையும்தான் முடிவு செய்கின்றன. நம்மைப் போன்ற மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் வகை எந்திரம் பாதுகாப்பானது என்பது பொதுவான மருத்துவ நடைமுறை. எந்த எந்திரம், இயக்கப்போவது யார், முதலில் காதுக்குக் கீழே ஓரிடத்தில் சோதித்துப் பார்ப்பார்களா என்று கேளுங்கள். கேட்பதற்கு முகம் சுளிக்கிற இடம் உங்களுக்கான இடம் இல்லை. சிலருக்கு, குறிப்பாக ஹார்மோன் கோளாறுள்ள கருநிறப் பெண்களுக்கு, லேசர் பட்ட இடத்தைச் சுற்றி முடி கூடுவதும் உண்டு. அரிதுதான், ஆனாலும் தெரிந்துகொண்டு செய்வது நல்லது.

ஒரு சிறு தகவல் உங்களுக்குச் சிரிப்பை வரவழைக்கலாம். லேசருக்கு முன் நான்கு வாரங்களாவது முடியை வேரோடு பிடுங்கக் கூடாது, ஏனெனில் ஒளி தேடிப் போவது வேரை. ஆகவே அந்த நான்கு வாரமும் நீங்கள் சவரம்தான் செய்துகொள்ள வேண்டும். "பொம்பளப் பிள்ளைக்கு ஷேவிங்கா?" என்று உங்கள் தாயார் பதறுவார். சிரைத்தால் முடி தடித்து வளரும் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் தவறான நம்பிக்கை. வெட்டுப்பட்ட முடியின் நுனி மொண்ணையாக இருப்பதால் தடவும்போது சொரசொரப்பாகத் தெரிகிறதே தவிர, தோலுக்கடியில் இருக்கும் வேருக்கு மேலே கத்தி பட்டது தெரியாது.

தேர்ந்தெடுத்தேன் என்பதாலேயே பெண்ணியம் ஆகிவிடுமா

இப்போது உங்களை உறங்கவிடாத கேள்விக்கு வருகிறேன். மருத்துவமனையில் உட்கார்ந்து இதை எழுதுவதால் ஒன்றை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன்: பெண்கள் தங்கள் முகத்தைப் பற்றிக் கொள்ளும் கவலையில்தான் என் தொழிலில் பாதி ஓடுகிறது. நானும் பத்து ஆண்டுகளாகத் தலைக்குச் சாயம் பூசுகிறேன். ஆக, நான் நடுநிலையாளர் இல்லை.

நீங்கள் இரண்டு வழிகளைத்தான் கண்டிருக்கிறீர்கள். ஒன்று, லேசர் செய்தால் துரோகி. மற்றது, நானே தேர்ந்தெடுத்ததால் அது பெண்ணியம். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. பெண் எடுக்கும் முடிவெல்லாம் பெண்ணியம் என்றால், பெண்ணியம் என்ற சொல்லுக்கே பொருள் இருக்காது. அந்த நிற ஊசியைப் பிடிவாதமாகக் கேட்டு வாங்கும் பெண்ணும் தானே தேர்ந்தெடுத்ததாகத்தான் சொல்கிறாள். மறுபுறம், பெண்ணியத்துக்கு உகந்தவை, ஒவ்வாதவை என்று முடிகளையும் புருவங்களையும் பிரித்துப் பட்டியல் போட்டால், பூ வைக்க வந்த அத்தையின் வேலையை நாமே செய்தவர்கள் ஆவோம். உங்கள் உடலைப் பற்றி முடிவெடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அந்த உரிமையைப் பெண்ணியம் பெற்றுத் தந்திருக்கிறது. அதை வைத்து நீங்கள் செய்யும் ஒவ்வொன்றும் பெண்ணியமாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சாயம் பூசும்போது நான் அதைப் பெண்ணியம் என்று சொல்லிக்கொள்வதும் இல்லை, பாவம் என்று நினைப்பதும் இல்லை.

1968 செப்டம்பரில் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் அழகிப் போட்டிக்கு எதிராகப் பெண்கள் நடத்திய போராட்டத்தை உங்கள் மாணவிகளுக்குச் சொல்லியிருப்பீர்கள். மார்க்கச்சைகளை எரித்தார்கள் என்று இன்றுவரை சொல்லப்படுகிறது. அவர்கள் எரிக்கவில்லை, மார்க்கச்சை, முடிச்சுருட்டி, பொய் இமை எல்லாவற்றையும் ஒரு குப்பைத் தொட்டியில் எறிந்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து நடந்தது. அந்தப் போராட்டத்துக்கு யோசனை தந்தவர்களில் ஒருவரான கரோல் ஹானிஷ், முடிந்த சில மாதங்களிலேயே தங்கள் தவறை எழுதினார். தாங்கள் பிடித்த சில பதாகைகள் போட்டியை நடத்துகிறவர்களை விட்டுவிட்டுப் போட்டியில் நிற்கும் பெண்களைத் தாக்குவதாக அமைந்துவிட்டன என்பது அவருடைய குறை. அந்த வேறுபாட்டை நீங்கள் பிடித்துக்கொண்டால் போதும். மகளிர் தினத்தில் நீங்கள் பேசியது களிம்பு விற்கிறவனுக்கு எதிராக. களிம்பு பூசும் பெண்ணுக்கு எதிராகப் பேசியிருந்தால்தான் இன்று நீங்கள் வெட்கப்பட வேண்டும்.

நம் பக்கத்திலும் பட்டியல்கள் உண்டு. பெண்கள் தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ள வேண்டும், நகைகளைக் கழற்ற வேண்டும் என்று பெரியார் திரும்பத் திரும்ப வற்புறுத்தினார். நீண்ட கூந்தலையும் நகையையும் சுமக்கிற உடலுக்கு வேறு வேலைக்கு நேரமும் விடுதலையும் இருக்காது என்ற காரணம் அதில் இருந்தது. காரணத்தை நான் ஏற்கிறேன். ஆனால் அதையே சட்டமாக்கி, பின்னல் போட்டவளைப் பின்தங்கியவள் என்று எண்ணும் மனநிலைக்கு நான் வரமாட்டேன். ஒரே செயலுக்கு எல்லா இடத்திலும் ஒரே பொருள் இருப்பதில்லை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணிவதற்காகப் பல பத்தாண்டுகள் அடிபட்டுப் போராடி, 1859இல் அரசாணை பெற்றார்கள். அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. அவர்களுக்குத் தோளை மூடுவது விடுதலை. வேறொரு வீட்டில் இன்னொரு பெண்ணுக்குத் தோளை மூடச் சொல்வது அடக்குமுறையாக இருக்கலாம். துணி ஒன்றுதான், யார் யாரைக் கட்டாயப்படுத்துகிறார்கள் என்பது மாறுகிறது.

என் மேசைக்கு எதிரே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எழுபது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவரைப் பேத்தி அழைத்து வந்திருந்தாள். பாம்படம் என்ற கனத்த காதணி போட்ட காது. காதின் கீழ்மடலான சோணை தோள் வரை இரண்டு வடமாகத் தொங்கியது. சிறு பிள்ளையாக இருக்கும்போது காது குத்தி, பஞ்சு திணித்து, பிறகு ஈயக் குணுக்கை மாட்டி மாட்டி நீட்டிய காது. பாம்படத்தை எப்போதோ விற்றுவிட்டார். அந்தச் சோணையை வெட்டித் தைத்துச் சின்னதாக்கித் தர வேண்டும் என்றார். இப்படிப்பட்ட காதுகள் இன்னும் சில ஆண்டுகளில் மறைந்துவிடும் என்ற என் சொந்த வருத்தத்தில், "அழகாத்தானே இருக்கு ஆச்சி, எதுக்கு?" என்று கேட்டுவிட்டேன். அவர் பேத்தியை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "குணுக்கு மாட்டையில என்னையக் கேட்டா மாட்டுனாக? இப்பத்தான் நானாக் கேக்கேன். தச்சு விடுங்க தாயி."

தைத்தேன். பிறகுதான் தெரிந்தது, பேத்தியின் திருமணப் புகைப்படத்துக்கு முன் காது சரியாக வேண்டும் என்று வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்படியென்றால் அது அவர் தேர்வா, மற்றவர்கள் சொல்லி வந்ததா? என்னால் இன்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஊர் வாய் படாத, கலப்பில்லாத தேர்வு என்று ஒன்று யாருக்கும் வாய்ப்பதில்லை. ஆனாலும் முடிவை வாயால் சொல்லும் இடத்தில் அவர் இருந்தார், மறுத்திருந்தால் நான் ஊசியை எடுத்திருக்க மாட்டேன் என்பது பெரிய வேறுபாடுதான். நம் நீதிமன்றமும் அதைக் கண்டது. இருபால் உடற்கூறோடு பிறக்கும் குழந்தைகளுக்கு, அந்தக் குழந்தை வளர்ந்து தன் வாயால் சொல்லும் முன்பே அறுவை செய்து ஆண் என்றோ பெண் என்றோ ஆக்கும் வழக்கத்தை 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கண்டித்தது. உயிருக்கு ஆபத்து என்ற நிலை தவிர அத்தகைய அறுவையைத் தமிழக அரசு அதே ஆண்டு தடை செய்தது. பெற்றோர் சம்மதம் பிள்ளையின் சம்மதம் ஆகாது என்பது அந்தத் தீர்ப்பின் உயிர்நாடி.

ஆகவே ஒரு முடிவை எடைபோட நான் என் நோயாளிகளிடம் கேட்பது இது: இதைச் செய்யாமல் விட்டால் உங்களுக்கு என்ன நடக்கும்? முடியை அப்படியே விட்டால் என்ன நடக்கும் என்று உங்களைக் கேட்டிருந்தால், வேலை போய்விடாது, யாரும் அடிக்க மாட்டார்கள், ஆனால் பார்வைகளைத் தாங்க முடியாது என்று சொல்வீர்கள். அந்தப் பார்வையை உண்டாக்கியது நீங்கள் இல்லை. அதைத் தனியாக ஏற்று, மோவாயில் முடியோடு வகுப்பெடுத்துச் சமூகத்தைத் திருத்த வேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை. அப்படி இருக்கத் துணியும் பெண்கள் உண்டு. அவர்களுக்கு என் வணக்கம். விடியற்காலை ஐந்து மணிக்குத் தாழிட்ட கதவுக்குப் பின்னால் கழியும் நேரம் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும் என்றால், லேசர் செய்துகொள்ளுங்கள். பெண்ணியத்திடம் சான்றிதழ் கேட்டு நிற்காதீர்கள்.

அந்த மாணவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. "நீங்களுமா?" என்றதைக் குற்றச்சாட்டாகக் கேட்டிருக்கிறீர்கள். அந்த நாற்காலியில் அவளும்தான் உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது வயதுப் பெண், தனக்கு மட்டும்தான் இப்படி என்று எண்ணி, யாருக்கும் தெரியாமல் வந்த இடத்தில், தான் மதிக்கும் ஆசிரியரைப் பார்க்கிறாள். அந்தச் சொல்லில் நிம்மதியும் இருந்திருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா?

அந்த நிற ஊசி

இங்கே எனக்குத் தயக்கமே இல்லை, போட்டுக்கொள்ளாதீர்கள். முடியை நீக்குவதையும் நிறத்தை மாற்றுவதையும் ஒரே தட்டில் வைத்து, "இரண்டும் அழகுக்காகத்தானே" என்று நீங்கள் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியாது.

அந்த ஊசியில் இருப்பது பெரும்பாலும் குளூட்டாதயோன். நம் உடலே உண்டாக்கும் பொருள் என்பதால் தீங்கற்றது என்று அழகு நிலையத்தில் சொல்லியிருக்கிறார்கள். உடலில் இயல்பாக இருப்பதெல்லாம் நரம்பு வழியாக அதிக அளவில் ஏற்றத்தக்கது என்றால், உப்பையும் சர்க்கரையையும் கண்டு மருத்துவர்கள் பயப்படத் தேவையில்லை. நிறம் மாற்ற இதை ஊசியாக ஏற்றுவதற்கு உறுதியான ஆய்வு ஆதாரம் இல்லை. பிலிப்பைன்ஸ் நாட்டின் மருந்து ஆணையம் 2011லேயே இதற்கு எதிராக எச்சரிக்கை விடுத்தது: உடலெங்கும் தோல் கொப்பளித்து உரியும் கொடிய ஒவ்வாமை, சிறுநீரகம், தைராய்டு பாதிப்பு எல்லாம் அதில் சொல்லப்பட்டிருக்கின்றன. கொஞ்சம் நிறம் கூடினாலும் நிறுத்தியதும் பழைய நிறமே திரும்பும். தை மாதப் புகைப்படத்துக்காகத் தொடங்கினால் ஆடியில் சீர், பிறகு சீமந்தம் என்று ஒவ்வொன்றுக்கும் தொடர வேண்டிவரும். ஊசியை ஏற்றப்போவது யார் என்று கேட்டீர்களா? அழகு நிலையத்தில் நரம்பு ஊசி ஏற்றுவதே சட்டப்படி தவறு. ஒவ்வாமை வந்தால் மூச்சுக்குழாயைக் காக்க அங்கே யார் இருக்கிறார்கள்?

ஊசி வேண்டாம் என்றால் அடுத்ததாக, பெயர் ஒட்டாத டப்பாவில் ஒரு களிம்பு வரும். அதையும் தொடாதீர்கள். கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல் பகுதியில் 2021 முதல் 2023 வரை சிறுநீரகத்தில் புரதம் கசியும் அரிய நோயோடு வந்தவர்களைச் சிறுநீரக மருத்துவர்கள் விசாரித்தபோது, அந்த நோயின் ஒரு குறிப்பிட்ட வகையைச் சேர்ந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசியவர்கள் என்று தெரியவந்தது. களிம்பில் இருந்தது பாதரசம். முகத்தில் பூசியது சிறுநீரகத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

உடல்நலத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், "செய்யாமல் விட்டால் என்ன நடக்கும்" என்ற கேள்விக்கு இங்கே விடை வேறு. மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பார்கள் என்பது உங்கள் தாயாரின் அச்சம். நம் ஊரில் நிறம் வெறும் அழகுக் கணக்கு இல்லை. சாதியும் வெயிலில் வேலை செய்யும் வர்க்கமும் அதில் மறைந்திருக்கின்றன. 1975இல் சந்தைக்கு வந்த புகழ்பெற்ற களிம்பு ஒன்று 2020இல் தன் பெயரிலிருந்து "ஃபேர்" என்ற சொல்லை எடுத்துவிட்டது. அதே ஆண்டு பெரிய திருமணத் தளமொன்று நிறத்தை வைத்துத் தேடும் வசதியை நீக்கியது. பெயர் போயிற்று, அத்தையின் வாய் மட்டும் போகவில்லை. முடி நீக்கினால் உங்கள் சித்தி மகளுக்கு எந்தச் செய்தியும் போகாது. பேராசிரியரான அக்காவே நிறத்துக்கு ஊசி போட்டாள் என்று தெரிந்தால், அவளைவிடக் கறுப்பான அந்தப் பெண் என்ன நினைப்பாள் என்று உங்களுக்கே தெரியும். கடிதத்தில் அவளைப் பற்றி நீங்களே இரண்டு முறை எழுதியிருக்கிறீர்கள்.

தாயாரிடமும் மாப்பிள்ளையிடமும்

தாயாருக்கு உங்கள் மேல் கோபம் இல்லை, உங்களுக்காகப் பயம். முன்பணம் போனால் போகட்டும். "அம்மா, டாக்டர் சொன்னார், கிட்னி போயிடும்" என்று சொல்லுங்கள். பெண்ணியத்தைவிட இது அவர் காதில் ஏறும். அதோடு ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: வயது வந்தவரின் உடலில் எதைச் செய்வதற்கும், அதன் பலனும் ஆபத்தும் மாற்று வழியும் சொல்லப்பட்டு, அவரே சம்மதிக்க வேண்டும் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்தது. அந்த வழக்கிலும் மயக்கத்தில் இருந்த பெண்ணுக்காக அவருடைய தாயார்தான் கையெழுத்திட்டிருந்தார். அது செல்லாது என்றது நீதிமன்றம்.

மாப்பிள்ளையிடம் மோவாய் முடியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டமும் இல்லை, தர்மமும் இல்லை. மாதவிலக்கு ஒழுங்கின்மையையும், எடுக்கப்போகும் மருந்துகளையும், கருத்தரிக்கக் காலம் கொஞ்சம் கூடலாம் என்பதையும் திருமணத்துக்கு முன்னே பேசிவிடுவது இருவருக்கும் நல்லது. சினைப்பைக் கோளாறு மலட்டுத்தன்மை இல்லை. சிகிச்சையோடு பெரும்பாலோர் தாயாகிறார்கள். இதைக் கேட்டு அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பது உங்களுக்கும் ஒரு தகவல்தான். "நிறம் மட்டு" என்ற அத்தையின் பேச்சுக்கு அவர் அன்று என்ன பதில் சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லை. அவரிடமே ஒருமுறை கேளுங்கள்.

ஐந்து மாதத்தில் எது முடியும் என்றால், களிம்பிலிருந்து விடுபடுவதும் பரிசோதனைகளை முடிப்பதும் முடியும். லேசர் தொடங்கினாலும் ஒன்றிரண்டு அமர்வுக்கு மேல் ஆகாது. திருமணத்துக்கு முந்தைய இரண்டு வாரம் முகத்தில் சிகிச்சை எதுவும் செய்யக் கூடாது. அந்த நாளில் மோவாயைச் சவரம் செய்துகொண்டு மணமேடைக்குப் போனால் யாருக்கும் தெரியப்போவதில்லை. உங்கள் ஊரில் தகுதிபெற்ற தோல் மருத்துவரை இந்த வாரமே பாருங்கள். போகும்போது அந்தக் களிம்பின் ட்யூபைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தீர்ந்துபோன காலி ட்யூபாக இருந்தாலும் சரி, பெயர் தெரிந்தால் போதும்.

அன்புடன்,
உங்கள் தோல் நல மருத்துவர்